இருபத்தாறு மாத்திரை மிச்சம்

அக்டோபர் 19, சனி

டாக்டர் ஜெசிந்தா சொன்னதால் இதை எழுதுகிறேன். தலைவலி உண்டா, தூக்கம் எப்படி, கோபம் வந்ததா, நடுவில் எங்காவது அசந்துபோனேனா, இரண்டு வேளையும் மாத்திரை போட்டேனா என்று தினமும் எழுதி நவம்பர் பதினெட்டாம் தேதி அவரிடம் காட்ட வேண்டுமாம். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். டயர் கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று பீரோ மேல் சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு யோகம் வந்திருக்கிறது.

பெயர் நாச்சிமுத்து. தொழில் பஸ் டிரைவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ரூட், நாற்பது கொண்டை ஊசி வளைவு. இருபத்திரண்டு வருடத்தில் வண்டிக்கு ஒரு கீறல் கிடையாது. டீசல் சிக்கனத்தில் மூன்று முறை டிப்போவில் முதல் பரிசு. மற்றவர்கள் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிப்பார்கள். அது களவாணித்தனம். நான் கியரிலேயே இறக்கி, தேவையில்லாத இடத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் மிச்சம் பிடிப்பவன்.

அப்பேர்ப்பட்ட நான் விழுந்தது மலையில் இல்லை, டிப்போ வாசலில், ஆயுத பூஜை அன்று. வண்டிக்கு எந்த விபத்தும் வரக்கூடாது என்று திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தேன். உடைத்த பூசணிக்காய் மேலேயே கால் வைத்து வழுக்கி, என் வண்டியின் முன்பக்க பம்பரில் மண்டையைக் கொடுத்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, திருஷ்டி நன்றாகத்தான் கழிந்திருக்கிறது.

என் கண்டக்டர் திருமூர்த்திதான் தூக்கிக்கொண்டு ஓடினானாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும், உள்ளே ரத்தக்கசிவு பெரிதாகாமல் இருக்க ஒரு ஊசி போட்டார்களாம். மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் அந்த ஊசிக்கு மரியாதையாம். இரண்டாம் நாள் எனக்கு வலிப்பு வந்ததாம். எல்லாமே "ஆம்"தான், எனக்கு எதுவும் நினைவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்கிறாள் என் மனைவி ருக்குமணி. நாக்கு புண்ணாக இருப்பது உண்மை. அந்த ஆஸ்பத்திரி இட்லியைக் கடித்தால் யாருக்கும் புண்ணாகும்.

டாக்டர் விளக்கினார். "மூளையில காயம் இப்பதான் ஆறிட்டிருக்கு. இந்த நேரத்துல ஃபிட்ஸ் வந்தா காயத்து மேல காயம். இந்த மாத்திரை அது வராம தடுக்கும். காலைல எட்டு மணி, சாயங்காலம் எட்டு மணி. மூணு மாசம். ஒரு வேளை கூட விடக் கூடாது."

"வண்டி எப்பங்க எடுக்கலாம்?" என்றேன்.

"இன்னொரு தடவை ஃபிட்ஸ் வந்தா பஸ்ஸை மறந்துடுங்க. வரலேன்னா, பதினெட்டாம் தேதி பேசலாம்."

பேசலாம் என்றால் கொடுக்கலாம் என்றுதான் அர்த்தம். இல்லாவிட்டால் லைட் டூட்டிதான். லைட் டூட்டி என்றால் டிப்போ கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வண்டி, வருகிற வண்டி நம்பர் எழுதுவது. முதுகுவலி ரங்கசாமி ஆறு வருடமாக எழுதுகிறான். அவன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

தலைவலி கொஞ்சம். மாத்திரை இரண்டு வேளை. பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்பது.

ருக்குமணியின் அண்ணன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனவர்களை எல்லாம் ஊர்வாரியாகச் சொன்னார். உடுமலையில் இரண்டு பேர், கிணத்துக்கடவில் ஒருவர். கடைசியில், "நீங்க பயப்படாதீங்க மாப்பிள்ளை" என்றார்.

பக்கத்து வீட்டு வாத்தியார் வேறொன்று சொன்னார். மூளைக்கான மாத்திரை எல்லாம் மூளையை மந்தமாக்கிவிடுமாம். அவர் ஒரு மாத்திரையும் சாப்பிட்டதில்லை. இருந்தும் அவருக்கு எப்படி இப்படி ஆனது என்று கேட்க நினைத்தேன். ருக்குமணி முறைத்தாள்.

அக்டோபர் 23, புதன்

கோபம்: இல்லை.

டம்ளரை வீசினேன் என்று ருக்குமணி இதையும் எழுதச் சொல்கிறாள். வீசவில்லை. காபி ஆறியிருந்தது, டம்ளர் கையை விட்டுப் போனது, சுவர் வரை போனது. மகள் தாரணி சென்னையிலிருந்து போனில், "அப்பா, அந்த மாத்திரைக்கு எரிச்சல் வரும்னு போட்டிருக்குப்பா, டாக்டர்கிட்டச் சொல்லிருங்க" என்கிறாள். எதில் போட்டிருக்கிறது? போனில் போட்டிருக்கிறதாம். இருபத்தெட்டு வருடமாக ஆறின காபிக்கு நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன். அப்போது எந்த மாத்திரை சாப்பிட்டேன்?

"முந்தியெல்லாம் டம்ளரை வெச்சுட்டுத் திட்டுவீங்க. இப்ப வீசிப்போட்டுத் திட்டறீங்க" என்றாள் ருக்குமணி. அவளுக்கு நுணுக்கம் அதிகம்.

அக்டோபர் 24, வியாழன்

பால்காரனைத் திட்டினேன். கேபிள்காரனைத் திட்டினேன். செய்தி வாசிக்கிற பெண்ணைத் திட்டினேன், அதற்குக் காது கேட்காது என்பதால் இன்னும் சத்தமாக. ராத்திரி ருக்குமணி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மாத்திரை இரண்டு வேளை.

அக்டோபர் 26, சனி

யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

மாத்திரை என்பது என்ன? வண்டிக்கு டீசல் மாதிரி. நான் இப்போது என்ன செய்கிறேன்? ஷெட்டில் நிற்கிறேன். நிற்கிற வண்டிக்கு யாராவது இரண்டு வேளை டீசல் ஊற்றுவார்களா? காலையில் எழுந்து நடமாட ஒன்று போதும். ராத்திரி படுத்துத் தூங்கத்தானே போகிறேன், தூங்குகிறவன் மூளைக்கு என்ன ஓட்டம்? டாக்டரம்மா பாவம் எல்லோருக்கும் ஒரே கணக்கில் எழுதிக் கொடுக்கிறார். வண்டியை எப்படி ஓட்டினால் எவ்வளவு குடிக்கும் என்று கம்பெனிக்காரனுக்கா தெரியும், டிரைவருக்குத்தானே தெரியும்.

இன்றிலிருந்து சாயங்கால மாத்திரை நிறுத்தம். மிச்சமாகிறதை ஷேவிங் டப்பாவில் போட்டுவைக்கிறேன். பதினெட்டாம் தேதி டாக்டர் முன்னால் கொட்டிக் காட்டினால் ஆச்சரியப்படுவார். ருக்குமணிக்குச் சொல்லவில்லை. நல்ல விஷயத்தைச் சொன்னாலும் அழுவாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

கோபம்: உண்மையிலேயே இல்லை. ஆறின காபியைக் குடித்தேன். "என்னங்க, உடம்புக்கு ஏதும் பண்ணுதுங்களா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பாதி மாத்திரையில் முழு நிம்மதி. என்னை யாராவது ஆஸ்பத்திரி நடத்தச் சொன்னால் ஒரே வருடத்தில் முதல் பரிசு வாங்கிக் காட்டுவேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

திருமூர்த்தி அவன் வீட்டு முறுக்கோடு வந்தான். பதினான்கு வருடமாக என்னோடு ஓடுகிறவன். அவன் விசில் ஊதுகிற சத்தத்திலேயே படியில் தொங்குகிறவன் கிழவனா, காலேஜ் பையனா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"புது ஆள் எப்புடீடா?"

"தினகரன்னு ஒரு பையனுங்ணா. ஓட்டறான். ஆனா வளைவுல தூக்கிப் போடறான். பின்னாடி சீட்டுல ஒரு அம்மா வாந்தி."

மனதுக்கு இதமாக இருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னான்.

"பதினெட்டாம் தேதி சர்டிஃபிகேட் வாங்கிருவேன். சபரிமலை சீசன் கூட்டத்துக்கு நாந்தான் எடுக்கறேன்."

"வாங்ணா. நீங்க வந்தாத்தான் எனக்கும் தூக்கம் வரும்" என்றான். வண்டியில் பின்சீட்டில் தூங்குவதைத்தான் சொல்கிறான்.

நவம்பர் 4, திங்கள்

மிச்சம்: ஒன்பது. இன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் காலை மாத்திரையும் வேண்டாம் என்று முடிவு. உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு?

ருக்குமணி ரேஷன் கடைக்குப் போனபோது பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, மேடையெல்லாம் வழிந்து தரைக்கு வந்துவிட்டது. நான் பக்கத்திலேயேதான் நின்றிருக்கிறேன். இந்தக் கால அடுப்பு எல்லாம் இப்படித்தான், ஒரே அடியாக எரிகிறது. பாலிலும் என்ன கலக்கிறார்களோ.

அசந்துபோனது: இல்லை.

நவம்பர் 7, வியாழன்

மழை. தலைவலி இல்லை. கோபம் இல்லை. டாக்டருக்கு எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

"ஏனுங்க, எத்தனை தடவை கூப்புடறது? மூஞ்சியப் பாத்துட்டே உக்காந்திருக்கீங்க, ஒரு வார்த்தை பேசினா என்ன?" என்று சண்டை. மனைவி கூப்பிடுவது காதில் விழாமல் இருப்பது வலிப்பு என்றால் இந்தத் தெருவில் ஒரு ஆம்பளைக்கும் லைசென்ஸ் கிடைக்காது.

ஆனால் டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தால் சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது. யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். யாரும் மாற்றவில்லை என்கிறாள். செய்தி முடிந்துவிட்டதாம். இப்போதெல்லாம் செய்தியும் சுருக்கிவிட்டார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

ருக்குமணி கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். டிப்போவுக்கு நடந்தே போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் ஆள் இல்லை. என் வண்டி கழுவுகிற இடத்தில் நின்றது, பக்கத்தில் திருமூர்த்தி. ஸ்டியரிங் உறையைக்கூட அந்தத் தினகரன் மாற்றிவிட்டான், மஞ்சள் நிறம், கர்மம்.

"ஏறி உக்காந்து பாக்கறேன்டா" என்றேன்.

"உக்காருங்ணா. ஆனா எடுக்காதீங்ணா."

"கழுவியாச்சில்ல, அப்புடியே ரிவர்ஸ்ல செவுத்தோரம் போட்டுட்டு எறங்கிக்கறேன். அம்பது அடி. நீ பின்னாடி நின்னு விசில் குடு."

என்னிடம் முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

இஞ்சினைப் போட்டதும் உள்ளங்காலிலிருந்து ஒரு நடுக்கம் ஏறிவந்தது. நல்ல நடுக்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள். ரிவர்ஸ் போட்டேன். விசில் கேட்டது. வண்டி நின்றது. பின்பக்கம் பழைய டயர் குவியலில் இடித்துக்கொண்டு நின்றது.

வண்டிக்குக் கீறல் இல்லை. திருமூர்த்திக்கு முழங்கை சிராய்ப்பு. பிரேக் சரியில்லை. மெக்கானிக்கிடம் சொல்லச் சொன்னேன். திருமூர்த்தி விசிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். டீக்கடைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை.

நவம்பர் 11, திங்கள்

கோபம்: இல்லை. தலைவலி: இல்லை. அசந்துபோனது: இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இல்லை. இல்லை. இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

சர்டிஃபிகேட்டுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று மத்தியானம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டேன். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். ருக்குமணிதான் கண்டக்டர். ஆழியாரிலிருந்து வண்டி ஏறுகிறது. அவள் வளைவு நம்பரைச் சொல்ல வேண்டும், நான் என்ன கியர், எந்தப் பக்கம் பள்ளம், எங்கே ஹாரன் என்று சொல்ல வேண்டும். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தாரணிக்கு அனுப்பறேன், அவ அப்பா கூத்தைப் பாக்கட்டும்" என்று போனில் படம் பிடித்துக்கொண்டே சொன்னாள். நானும் கொஞ்சம் மிகையாகத்தான் ஓட்டினேன். ஒன்பதாவது வளைவில் வரையாடு குறுக்கே வந்ததாகச் சொல்லித் திடீர் பிரேக் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதினாலு சொன்னாள், நான் பதில் சொன்னேன். நிமிர்ந்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

"என்னாச்சு? இப்பத்தானே சிரிச்சுட்டிருந்தே?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா அழுவாங்க? குடு போனை."

கொடுக்க மாட்டேன் என்றாள். பிடுங்கினேன்.

அதில் நான் இருக்கிறேன். அவள் "பதினாலு" என்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்க்கவில்லை. வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் மென்றுகொண்டிருக்கிறேன். வலது கை தட்டை விட்டுவிட்டு வேட்டி ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து இழுக்கிறது, ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. "ஏனுங்க... ஏனுங்க... விளையாடாதீங்க..." என்கிறாள். ஒரு நிமிடம் பத்து வினாடி. அப்புறம் அந்த ஆள் கை தட்டுக்குத் திரும்புகிறது. "பதினாலு, செகண்ட் கியர், இடது பக்கம் பள்ளம்" என்கிறான், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. அதற்குமேல் போன் ஆடி, மேலே ஃபேன் மட்டும் தெரிகிறது.

ஆறு முறை பார்த்தேன். ஆறு முறையும் அவன் அப்படியேதான் செய்கிறான்.

வலிப்பு என்றால் கை கால் வெட்டி நுரை தள்ளும் என்று நினைத்திருந்தேன். இப்படிச் சத்தமில்லாமல் வந்து பாலைப் பொங்கவிட்டுப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். ஜெசிந்தா அசந்துபோவது, அசந்துபோவது என்று மூன்று முறை சொன்னார், நான் தூக்கத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மலை ஏற்றத்தில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம். ஒரு நிமிடம் பத்து வினாடிக்குக் கிட்டத்தட்ட நானூறு மீட்டர். அந்த நானூறு மீட்டரில் வண்டியை ஓட்டுகிறவன் வேட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்கால மாத்திரை போட்டேன்.

நவம்பர் 16, சனி

பத்தாம் தேதி எழுதியதில் பொய் இருக்கிறது. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. முதல் விசில் மட்டும் கேட்டது. திருமூர்த்தி அதற்கப்புறம் ஏழெட்டு விசில் கொடுத்து, கத்தி, வண்டியின் முதுகில் தட்டியிருக்கிறான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. இடித்த குலுக்கலில்தான் விழித்தேன், என் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. அவன் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தான். அங்கே டயர் குவியல் இல்லையென்றால் மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை. பாய்ந்து தப்பித்ததில்தான் முழங்கை.

அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பிரேக் என்று எழுதினேன்.

ருக்குமணியிடம் ஷேவிங் டப்பாவைத் திறந்து காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்தாறு. "இதுக்கு எத்தனாவது பரிசுங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் ஒரு புதிய நோட்டு வாங்கிவந்தேன். மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன். அக்டோபர் பத்தொன்பதிலிருந்து எல்லாத் தேதியும் போட்டு, இல்லை இல்லை இல்லை என்று நல்ல கையெழுத்தில் நிரப்பினேன். நவம்பர் ஐந்து வரை வந்துவிட்டேன். இடையில் ஒரு தேதிக்கு மட்டும் "லேசான தலைவலி" என்று எழுதினேன். முழுக்க இல்லை என்று இருந்தால் நம்ப மாட்டார்கள் அல்லவா. மூளையில் அடிபட்டும் அந்தப் பகுதி மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

ருக்குமணி பார்த்தாள். "மாத்திரைய இனி ஒழுங்காப் போடுவீங்களா?" என்றாள். "போடுவேன்." "நான் டாக்டரம்மாகிட்ட எதுவும் சொல்லமாட்டேன். உங்க இஷ்டம்." அந்த வீடியோவை அழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

பதினொரு மணிக்குத் திருமூர்த்தி வந்தான். முழங்கையில் இன்னும் பிளாஸ்திரி. வாசலிலேயே நின்றான்.

"நாளைக்குத்தானுங்ணா டாக்டரு? நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கலீங்ணா. தொறக்கவும் மாட்டேன்."

"நீ பாத்தே இல்ல? பாத்துட்டும் எப்புட்றா?"

"நீங்க மாத்திரை சாப்புட்டா எல்லாம் சரியாயிருமுங்ணா. நீங்க டிரைவர் சீட்டுல உக்காந்தாப் போதும். நான் எதையும் கேக்காம பின்னாடி ஏறிக்குவேன்."

அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்குப் பெயர் வைத்தது நான்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மாத்திரைக் கோபம் எல்லாம் அதன் கால்தூசிக்கு வராது. "அறிவு கெட்டவனே, சாகறதுக்கா ஏறிக்குவே? நீ மட்டுமா ஏறுவே, உன்னை நம்பி அம்பது பேரு டிக்கெட் வாங்குவான்! விசில் உன்ற கையில எதுக்குடா இருக்குது, ஊதறதுக்கா, சப்பறதுக்கா?" தெருவே வெளியே வந்து பார்த்தது. வாத்தியார் மாடியிலிருந்து எட்டிப்பார்த்தார், அவரையும் இரண்டு சேர்த்துத் திட்டினேன்.

திருமூர்த்தி அழுதான். நானும் அழுதேன். ருக்குமணி இருவருக்கும் காபி கொண்டுவந்தாள், ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.

புது நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் ஜெசிந்தாவிடம் இந்த டைரியையே கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்தார். பூசணிக்காய் இடத்தில் சிரித்தார். ஆஸ்பத்திரி இட்லி இடத்தில், "உண்மைதான்" என்றார். பத்தாம் தேதி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டினேன். ஆச்சரியப்படுவார் என்று அன்றைக்கு எழுதியிருந்தேன், பட்டார்.

"ஏங்க, காயம் ராத்திரி லீவு எடுத்துக்குமா? தூங்கும்போதுதான் நிறையப் பேருக்கு ஃபிட்ஸே வருது."

"டீசல் மாதிரின்னு நெனச்சுட்டேனுங்க."

"பிரேக் மாதிரின்னு நெனச்சிருக்கணும். ஓடலேன்னு பிரேக்கைக் கழட்டி வீட்ல வைப்பீங்களா?"

என்னிடமே. அந்தம்மாவுக்கு வாய் அதிகம், ஆனால் விஷயம் தெரிந்த வாய்.

தலை முழுக்க வயர் ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள். காயம் ஆறின இடத்தில் ஒரு தழும்பு, அங்கிருந்துதான் வலிப்பு கிளம்புகிறதாம். எரிச்சல் வராத வேறு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார். எரிச்சலை முதல் வாரமே ஒழுங்காக எழுதியிருந்தால் முதல் வாரமே மாற்றியிருப்பாராம்.

"நான் ஒரு வேளையும் விடாமப் போட்டிருந்தா இது வந்திருக்காதுங்களா?"

"தெரியாதுங்க. போட்டிருந்தும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். முதல் கொஞ்ச நாளைக்குத்தான் அந்த மாத்திரை நல்ல காவல். அப்புறம் யாராலயும் உறுதி சொல்ல முடியாது. நீங்க விட்டதால நமக்கு எப்பவுமே தெரியாமப் போச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தத் தெரியாததைச் சாகும்வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"பஸ்ஸுங்க?"

"இல்லைங்க. ரெண்டு வருஷம் ஒண்ணும் வராம இருந்தா உங்க சொந்த ஸ்கூட்டர் பத்திப் பேசலாம். பஸ் பத்தி இனிப் பேச வேண்டாம்."

சரி என்று சொன்னேன். டைரியைத் திருப்பிக் கொடுத்து, தொடர்ந்து எழுதச் சொன்னார். "பொய்யை மட்டும் குறைச்சுக்கங்க" என்றார்.

நவம்பர் 20, புதன்

ரங்கசாமி போன் செய்தான். கேட்டில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறதாம். "மத்தியானம் நெழல் நல்லா விழும் நாச்சி" என்கிறான். போனை வைத்துவிட்டேன். கோபம்: வந்தது. நியாயமானது.

நவம்பர் 24, ஞாயிறு

"இருபத்திரெண்டு வருசம் அந்த வண்டிய ஓட்டுனீங்க. ஒரு நாளாச்சும் என்னை ஏத்தியிருக்கீங்களா?" என்று ருக்குமணி கேட்டாள். குடும்பத்தை ஏற்றினால் கவனம் சிதறும் என்பது என் கொள்கை. இனி அந்தக் கொள்கைக்கு வேலை இல்லை. காலை வண்டிக்குப் போனோம்.

திருமூர்த்தி டிரைவருக்குப் பின்சீட்டைத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தான். தினகரன் எழுந்து வணக்கம் வைத்தான். இருபத்தொன்பது வயது, முகத்தில் பயம். நான் ஸ்டியரிங் உறையை மட்டும் பார்த்தேன்.

ஆழியார் தாண்டி மலை ஏறியதும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பையன் கியரை ஒரு வளைவு தாமதமாக மாற்றுகிறான். "இப்ப இப்ப" என்று முணுமுணுத்தேன். "சும்மா வாங்க" என்று ருக்குமணி தொடையில் கிள்ளினாள். ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்த்து, "இவ்வளவு அழகா இருக்குது, இதை ஒரு வார்த்தை வீட்டுல வந்து சொன்னீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள். ஓட்டுகிறவனுக்கு அணை தெரியாது, ரோடுதான் தெரியும் என்றேன். இன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பதினேழில் ஒரு லாரி எதிரே வந்தது. பையன் வண்டியை ஓரம் கட்டி வழி விட்டான். சரியாகச் செய்தான், அதை எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் ருக்குமணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தேயிலைத் தோட்டம். வெயில் வேறு பக்கத்திலிருந்து அடித்தது.

"எத்தனாவது?" என்றேன்.

"இப்பத்தான் இருபது தாண்டுச்சுங்க."

"பதினெட்டு?"

அவள் என் வேட்டி ஓரத்தைச் சரிசெய்துவிட்டாள். தினகரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ குழந்தைக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

வால்பாறையில் ருக்குமணியை இறங்கச் சொல்லிவிட்டு நான் படியோரம் கடைசிவரை நின்றேன்.

மாத்திரை: காலை போட்டேன். எட்டு மணிக்குப் போடுவேன். தலைவலி: இல்லை. கோபம்: கொஞ்சம், அவன் கியர் போடுவதைப் பார்த்து. அசந்துபோனது: ஒரு முறை, பதினெட்டாவது வளைவிலிருந்து இருபதாவது வரை. அந்த நேரத்தில் வண்டியில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஐம்பத்து மூன்று பேர். வால்பாறையில் ஐம்பத்து மூன்று பேரும் இறங்கினார்கள். ஒவ்வொருவராக எண்ணினேன்.